வாக்கின் எடையும் வாக்காளரின் இருப்பிடமும்

தமிழ்நாட்டில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து, பின்னர் சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து மஹாராஷ்டிர சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வனுக்கு, 2022-ஆம் வருஷம் ஜூலை 18-ஆம் தேதி நடந்த ராஷ்டிரபதித் தேர்தலில் இருந்த வாக்கின் மதிப்பு 175. அதே தேர்தலில், அதே இளஞ்சிவப்புச் சீட்டில் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்த மயிலாப்பூர் சட்டசபை உறுப்பினருக்கு மதிப்பு 176. லக்னோவில் வாக்களித்தவருக்கு 208. காங்டாக்கில் வாக்களித்தவருக்கு வெறும் 7. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்கும் சரிசமம் என்று ஜனநாயக சாஸ்திரத்தின் முதற்பாடமாக நாம் படித்து வந்த சூத்திரம், குடியரசின் தலைமை ஸ்தானத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மட்டும் இப்படி இருநூற்றெட்டாகவும் ஏழாகவும் சிதறுவானேன் என்பது, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எவருக்கும் எழக்கூடிய நியாயமான கேள்விதான்.

விடை நமது அரசியல் சாசனத்தின் 55-ஆம் ஷரத்தில் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் ஜனத்தொகையை அதன் சட்டசபையில் தேர்தல் மூலம் அமர்ந்த உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மறுபடியும் ஆயிரத்தால் வகுத்து, மீதி பாதிக்குக் குறைந்தால் தள்ளியும் குறையாவிட்டால் ஒன்றாகக் கூட்டியும் பெறும் எண்ணே அம்மாநில உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு. மஹாராஷ்டிரத்தின் ஜனத்தொகை 5,04,12,235, உறுப்பினர்கள் 288 பேர், வகுத்தால் 175. தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4,11,99,168, உறுப்பினர்கள் 234 பேர், வகுத்தால் 176. இவ்வாறு எல்லா மாநிலங்களின் மதிப்புகளையும் கூட்டி, அத்தொகையைப் பாராளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களால் வகுத்தால் ஒவ்வொரு எம்.பி.யின் வாக்கு மதிப்பும் கிடைக்கிறது. 2022-இல் அது 700. மாநிலங்களும் மத்தியும் தராசின் இரு தட்டுகளிலும் ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும் என்பது சாசனகர்த்தாக்களின் உத்தேசம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் கூர்ந்து வாசிப்பவர் ஒரு விஷயத்தை உடனே கண்டுகொள்வார்: மஹாராஷ்டிரத்தின் ஜனத்தொகை ஐந்து கோடியாக இருந்தது எந்தக் காலத்தில்? அது 1971-ஆம் வருஷத்துக் கணக்கு. அந்த ஆண்டுக்குப் பின்னர் மும்பைக்கு ரயிலேறி வந்த எவரும், இங்கே பிறந்த எவரும், அந்த 175 என்ற எண்ணில் இல்லை.

இதைச் சீர்தூக்கிப் பார்க்க அமெரிக்காவின் ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது உதவும். ஏனெனில் ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்காமல், மாநிலவாரியாக எடை நிர்ணயிக்கப்பட்ட ஒரு தேர்வாளர் குழுவின் வழியே தேர்ந்தெடுக்கும் யோசனையை 1787-இலேயே எழுத்தில் வடித்த தேசம் அது. அங்கே தேர்வாளர்கள் 538 பேர். பிரதிநிதிகள் சபையின் 435 ஸ்தானங்கள், செனட்டின் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. ஜனாதிபதியாக 270 வேண்டும். சிறிதோ பெரிதோ ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட் ஸ்தானங்கள் உண்டு என்பதால், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கு 3 தேர்வாளர்கள்; ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்கு 1.92 லட்சம் பேர், கலிபோர்னியாவில் 7.32 லட்சம் பேர். நம் சாசனம் சிறிய மாநிலத்துக்கு இத்தகைய சலுகை எதையும் சட்டசபை உறுப்பினரின் வாக்கில் வைக்கவில்லை. சிக்கிமின் 32 உறுப்பினர்களின் வாக்கு மதிப்பும் சேர்ந்து 224 தான். அந்த மட்டில் நம்முடையது நியாயமானதென்றே சொல்வேன்.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரிது. மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கு அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்விடுகிறார்கள். ஆகையால் அங்கே ஒரு சமூகத்தாரின் பலம் அவர்கள் எத்தனை பேர் என்பதில் இல்லை. எங்கே நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் தேச முழுவதிலும் டிரம்ப்பைக் காட்டிலும் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றதற்குக் காரணம், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று மாநிலங்களிலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் அவர் பின்தங்கியதுதான். அந்த மூன்று மாநிலங்களிலும் கல்லூரிப் படிப்பில்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் பெருந்திரளாக இருந்தார்கள்; டிட்ராயிட், மில்வாக்கி போன்ற நகரங்களின் கறுப்பின வாக்காளர்களில் ஒரு பகுதியினர் அந்த வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் இன்னும் பத்து லட்சம் பேர் வரிசையில் நின்றிருந்தாலும் அவருக்கு ஒரு தேர்வாளர் கூடியிருக்கமாட்டார். 2024-இல் ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நின்ற கமலா ஹாரிஸுக்காக, அவருடைய தாய்வழி முன்னோரின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோயிலில் அபிஷேகமும் அர்ச்சனையும் நடந்தன. நம்மவர்களோ அந்நாட்டில் கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சஸ் என, முடிவு முன்கூட்டியே ஊகிக்கப்பட்ட மாநிலங்களில்தான் பெருமளவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய வாக்கு எவ்வளவு உற்சாகமாக விழுந்தாலும் தராசு அசைவதில்லை. ஜார்ஜியாவில் வாழும் சிலருக்கு மட்டும், 11,779 வாக்கு வித்தியாசத்தில் 2020-இல் அம்மாநிலம் பைடன் பக்கம் சாய்ந்தபோது, தங்கள் வாக்கின் எடை பிரத்தியட்சமாகத் தெரிந்திருக்கும்.

எண்ணப்படுவது வேறு, வாக்களிப்பது வேறு என்பதை அமெரிக்க சரித்திரத்தைப்போல் கசப்பாகக் காட்டும் சரித்திரம் வேறில்லை. தேர்வாளர்களின் எண்ணிக்கையை ஜனத்தொகையோடு பிணைத்த அந்தச் சாசனகர்த்தாக்கள், தென் மாநிலங்களின் அடிமைகளில் ஐவரை மூவராகக் கணக்கிடலாம் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடிமைக்கு வாக்கு இல்லை. ஆயினும் அவனுடைய உடம்பு எண்ணப்பட்டு, அந்த எண்ணிக்கையின் பலன் அவனை விலைக்கு வாங்கியவனின் மாநிலத்துக்குச் சேர்ந்தது. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும், 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, தெற்கிலிருந்த கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் நிலை இதனின்றும் அதிகம் மாறிவிடவில்லை: தலைக்கணக்கில் முழு மனிதர்கள், வாக்குச்சாவடியில் இல்லாதவர்கள். மாற்றம் எப்படி வந்தது? 1910-க்கும் 1970-க்கும் இடையே சுமார் அறுபது லட்சம் பேர் பருத்திக் காடுகளை விட்டு ரயிலேறி சிகாகோவுக்கும் டிட்ராயிட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் பிலடெல்பியாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வேலைக்காகப் போனவர்கள், ஆனால் போன இடத்தில் வாக்கு இருந்தது, அந்த இடங்களோ முடிவு எப்பக்கமும் சாயக்கூடிய மாநிலங்களாக இருந்தன. 1948-இல் ஒஹாயோவை சுமார் ஏழாயிரம் வாக்கில் ட்ரூமன் கைப்பற்றியபோது, தெற்கில் வாயடைக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் வடக்கில் ஒரு ஜனாதிபதியின் விதியை எழுதுவதில் பங்கெடுத்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான். ஊர் மாறியதும் எடை மாறிற்று.

ஊர் மாறுவதால் எடை மாறும் இந்த விஷயத்தை, ஊர் விட்டு வந்தவர்களாலேயே ஆன மும்பையை வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. நம் ஜனங்கள் இங்கே ஒரே அலையாக வரவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் வந்தவர்கள் தாராவியில் வேர்விட்டார்கள். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்று, கம்பெனி ஆபீஸ்களிலும் ரயில்வேயிலும் வேலைக்கு அமர்ந்தவர்கள் மாட்டுங்காவில் கோயிலும் பஜனை சமாஜமும் கட்டி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவினார்கள். மாட்டுங்காவில் இடம் போதாமலும் வாடகை கட்டுப்படியாகாமலும் போன காலத்தில், டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்த ஐம்பதுகளில், படித்த உத்தியோகஸ்தர்கள் செம்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த மூன்று வகையினரும் ஒரே மொழி பேசினாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் அல்லர். நான்காவதாக ஒரு வகையும் உண்டு: அணுசக்தி நிலையத்தின் அண்டையிலிருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டு, அங்கிருந்த எழுபதினாயிரம் பேரளவினர் சதுப்பு நிலத்தின் ஓரமாகத் தூக்கிவைக்கப்பட்ட சீத்தா கேம்ப். அங்கே தமிழ் முஸ்லிம்களும் மற்றத் தமிழரும் கணிசமாக உண்டு. செம்பூர்க் கோயில் உற்சவத்தையும் சீத்தா கேம்ப்பையும் ஒரே மூச்சில் ‘செம்பூர்த் தமிழர்’ என்று சொல்லிவிடுகிற பழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு; தேர்தல் கமிஷனோ இரண்டையும் வெவ்வேறு சட்டசபைத் தொகுதிகளில்தான் வைத்திருக்கிறது.

தென்னிந்தியர் என்பதே ஒரு தேர்தல் விஷயமாக எழுந்தது அறுபதுகளில். 1960-இல் தொடங்கப்பட்ட ‘மார்மிக்’ பத்திரிகையில், ஆபீஸ்களில் உத்தியோகம் வகித்த தெற்கத்தியாரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்று மராத்தி வாசகரை உசுப்பிவிட்ட பால் தாக்கரே, 1966 ஜூன் 19-ஆம் தேதி சிவசேனையை ஸ்தாபித்தார். லுங்கியை அகற்று என்ற கோஷம் பம்பாய்த் தெருக்களில் கேட்ட காலம் அது. அடுத்த ஆண்டே பொதுத் தேர்தல். மலபாரில் பிறந்த வி. கே. கிருஷ்ண மேனன் 1957-இலும் 1962-இலும் வடபம்பாய்த் தொகுதியில் ஜெயித்தவர். 1962-இல் ஆசார்ய கிருபளானியை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முறியடித்தவர். சீன யுத்தம் அவருடைய மந்திரிப் பதவியைப் பறித்தது. 1967-இல் காங்கிரஸ் அவருக்கு டிக்கெட்டே மறுத்தது. சுயேச்சையாக வடகிழக்குத் தொகுதியில் நின்ற அவரை ‘மதராஸி’ என்று சொல்லி சிவசேனை தெருத்தெருவாக எதிர்த்தது. காங்கிரஸ் அபேட்சகராக நின்ற மராத்தியரான எஸ். ஜி. பார்வே வென்றார். அவர் அடுத்த சில வாரங்களில் காலமாகிவிட, நடந்த இடைத்தேர்தலில் மேனன் மறுபடி நின்று, பார்வேயின் சகோதரியான தாரா சப்ரேயிடம் மறுபடி தோற்றார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், மொழிச் சிறுபான்மையோர் மும்பையில் தலையெடுக்க முடியாது என்ற முடிவுக்கு நாம் வந்துவிடலாம். ஆனால் பத்தே வருஷங்கள் கழித்து, 1977-இல், அதே வடகிழக்குத் தொகுதி என்ற பெயரைத் தாங்கிய தொகுதியிலிருந்து ஜனதா கட்சியின் சார்பில் பாராளுமன்றத்துக்குச் சென்றவர் சென்னையைச் சேர்ந்த சுப்பிரமணியன் சுவாமி. 1980-இல், தேசமெங்கும் இந்திரா காந்திக்கு ஆதரவாகக் காற்று வீசியபோதும், அவர் அதே தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். 1967-க்கும் 1977-க்கும் இடையே பம்பாயின் வடகிழக்கில் மராத்தியர் குறைந்துவிடவுமில்லை, தமிழர் பெருகிவிடவுமில்லை. மாறியது ஜனங்களின் முன் வைக்கப்பட்ட கேள்வி. 1967-இன் கேள்வி ‘வேலை யாருக்கு’ என்பது. 1977-இன் கேள்வி நெருக்கடி நிலை. இனவாரி, மொழிவாரிக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்தல் ஜோசியம் சொல்லும் நிபுணர்கள், அமெரிக்காவிலும் சரி இங்கும் சரி, இந்த வித்தியாசத்தைக் கோட்டைவிட்டுத்தான் அடிக்கடி அசடு வழிகிறார்கள். ஜனத்தொகைக் கணக்கு ஒரு சமூகம் இருப்பதைச் சொல்லும். அந்தச் சமூகம் அந்த வருஷம் தன்னை எதுவாகக் கருதிக்கொள்கிறது என்பதைச் சொல்லாது.

2008-இல் தொகுதிகளின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகையின்படி மும்பை நகர மாவட்டத்துக்கு 10 சட்டசபைத் தொகுதிகள், புறநகர் மாவட்டத்துக்கு 26 என்று ஆயிற்று. இந்த மாற்றத்தில் மாட்டுங்கா என்ற தொகுதியே பட்டியலிலிருந்து மறைந்தது. அரை நூற்றாண்டாகத் தென்னிந்தியரின் முகவரியாக விளங்கிய ஒரு பேட்டை அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போடப்பட்டபோது, அங்கே பெரிய ஆட்சேபம் எதுவும் எழுந்ததாகத் தோன்றவில்லை. படித்தவர்கள் நிறைந்த பேட்டைகளில் எல்லை மறுவரையறை அறிக்கையைப் படிப்பவர்கள் குறைவு போலும். அதே மாற்றத்தில் புதிதாகப் பிறந்த சயான் கோலிவாடா தொகுதிக்கோ வேறு விதமான ஜாதகம் வாய்த்தது. பிரிவினைக்குப் பின் வந்த பஞ்சாபியர், மராத்தியர், வடநாட்டார், முஸ்லிம்கள், அவர்களுக்கிடையே கணிசமான தமிழர் என, எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத ஒரு கலவை. 2009-இல் காங்கிரஸின் ஜகந்நாத ஷெட்டி வென்றார். 2014-இல் பாரதிய ஜனதாவும் சிவசேனையும் கூட்டு முறிந்து தனித்தனியே நின்று, காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும் அவ்வாறே பிரிந்து நின்று, வாக்குகள் நான்கு பக்கமும் சிதறிய அந்தத் தேர்தலில், நாலாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் சிவசேனை அபேட்சகரைத் தோற்கடித்தார் தமிழ்ச்செல்வன். 2019-இலும் 2024-இலும் மீண்டும் வென்றார்.

இதை விகிதாசாரத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மஹாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள். பதினொன்றேகால் கோடி ஜனத்தொகையில் அரை சதவீதம்கூட இல்லை. 288 ஸ்தானங்களை இந்த விகிதத்தில் பங்கிட்டால் தமிழருக்கு ஒன்றேகால் ஸ்தானம் வரும். கிடைத்திருப்பது ஒன்று. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் இல்லாத ஒரு தேர்தல் முறை, தற்செயலாக, விகிதாசார நீதிக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. இந்த ஐந்து லட்சம் பேரும் மாநிலமெங்கும் சமமாகப் பரவியிருந்தால் ஒரு முனிசிபல் வார்டுகூடக் கிடைத்திருக்காது.

அப்படியானால் செம்பூரில் ஏன் இது நிகழவில்லை? ஒப்பீட்டுக்கு இதே செம்பூரின் சிந்தி சமூகத்தைப் பார்க்கலாம். பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்திகள் செம்பூர் கேம்ப்பில் அடர்த்தியாகக் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களிடையே இருந்து எழுந்த ஹஷு அத்வானி, விவேகானந்த கல்விச் சங்கத்தை நிறுவியதோடு, செம்பூரின் சட்டசபை உறுப்பினராகவும் மஹாராஷ்டிரத்தின் மந்திரியாகவும் விளங்கினார். அகதிகளை ஒரே இடத்தில் நெருக்கி வைத்த சர்க்கார் உத்தரவு, அவர்கள் அறியாமலே அவர்களுக்கு ஒரு தொகுதியைத் தந்தது. செம்பூர்த் தமிழரோ கூட்டுறவு வீட்டுச் சங்கக் கட்டடங்களில், ஒரு மாடியில் இரண்டு வீடு, அடுத்த தெருவில் நாலு வீடு என்று பரவி உட்கார்ந்தார்கள். உழைப்பாளித் தமிழர் சீத்தா கேம்ப்பில் அணுசக்தி நகர்த் தொகுதிக்குள் போனார்கள். இன்னொன்றும் உண்டு. மும்பையின் 2024 பாராளுமன்றத் தேர்தல் நடந்தது மே 20-ஆம் தேதி. பள்ளி விடுமுறை. தாதரிலிருந்தும் குர்லாவிலிருந்தும் தெற்கே செல்லும் ரயில்களில் இடம் கிடைக்காத மாதம் அது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனவர்களுடைய வாக்கை எந்த அபேட்சகரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தத் தேர்தலில் செம்பூர், அணுசக்தி நகர், தாராவி, சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம் என்ற ஆறு சட்டசபைப் பகுதிகளைக் கொண்ட தென்மத்திய மும்பைத் தொகுதியில், இருமுறை உறுப்பினராக இருந்த ராகுல் ஷெவாலேயை எதிர்த்து நின்ற அனில் தேசாய் ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தமிழர் அடர்த்தியாக வாழும் இரண்டு பகுதிகள் அன்றைக்கு இரண்டு பக்கம் சாய்ந்தன: தாராவி பெரும் முன்னிலையைத் தேசாய்க்குத் தந்தது, சயான் கோலிவாடா ஷெவாலே பக்கம் நின்றது. தாராவியில் அந்த வருஷம் மொழி ஒரு பொருட்டாகவே இல்லை. புனர்நிர்மாணத் திட்டத்தில் தன் வீடும் பட்டறையும் என்னவாகும் என்பதுதான் ஒவ்வொருவர் வாயிலும் இருந்த பேச்சு. தமிழில் சுவரொட்டி அடித்து, தமிழ்நாட்டிலிருந்து தலைவர்களைத் தருவித்து மேடை ஏற்றினால் ‘தமிழ் வோட்டு’ மூட்டையாக வந்து விழும் என்று எண்ணுகிற கட்சிக்காரர்கள் இதை மனத்தில் வைப்பது அவர்களுக்கு நல்லது.

இனி ராஷ்டிரபதித் தேர்தலுக்கே திரும்புவோம். இங்கே வாக்களிப்பவர் சட்டசபை உறுப்பினர்; அவர் தம் விருப்பப்படி வரிசை எண்ணிட்டு வாக்களிக்கிறார்; கட்சியின் கொறடா உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தாது; அமெரிக்காவைப்போல் மாநிலம் முழுவதும் ஒருவருக்கே போய்ச் சேர்வதுமில்லை. ஆயினும் இந்த உயர்ந்த மாடியிலும் ஊர்ப்பற்றும் மொழிப்பற்றும் ஏறி வரத்தான் செய்கின்றன. 1969-இல் வி. வி. கிரியும் சஞ்சீவ ரெட்டியும் மோதிய தேர்தலில் மூன்றாவதாக நின்று 1,12,769 மதிப்பு வாக்குகள் பெற்றவர் சி. டி. தேஷ்முக், பம்பாயை மஹாராஷ்டிரத்தினின்றும் பிரிக்கும் யோசனையை ஆட்சேபித்து 1956-இல் நேருவின் மந்திரிசபையிலிருந்து விலகியவர் அவரே. முதற்சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாமல், இரண்டாவது விருப்பங்களையும் எண்ணிய பிறகே கிரி 4,20,077 பெற்று வெற்றியடைந்தார். 2007-இல், பாரதிய ஜனதாவின் கூட்டாளியாக இருந்தும், மராத்தியர் ஒருவர் ராஷ்டிரபதியாகும் வாய்ப்பு என்பதற்காக எதிரணியின் பிரதிபா பாட்டீலுக்கு வாக்களித்தது சிவசேனை. 2002-இல் நம்மவருக்கு இன்னும் விசித்திரமான சந்தர்ப்பம்: ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் சென்னையில் பிறந்த கேப்டன் லக்ஷ்மி சேகலும் எதிரெதிரே நின்றார்கள். 9,22,884-க்கு 1,07,366 என்று கலாம் ஜெயித்தார். அந்த வெற்றியை நிர்ணயித்தது தமிழ்நாட்டின் 41,184 மதிப்பு அல்ல. உத்தரப் பிரதேசத்தின் 83,824-ஐயும் மஹாராஷ்டிரத்தின் 50,400-ஐயும் ஒத்த பெருந்தொகைகள் ஒரு பக்கம் சேர்ந்ததே.

இந்தத் தொகைகள் அனைத்தும் 1971-இல் உறைந்தவை என்றேன். அதற்குக் காரணம் உண்டு. ஜனத்தொகை பெருகாமல் காத்த மாநிலம் அதன் பலனாகத் தன் ஸ்தானங்களை இழப்பது அநியாயம் என்று கண்டு, 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்தக் கணக்கை 2000-ஆம் ஆண்டு வரையும், 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கு வரையும் நிறுத்திவைத்தன. அந்த அநியாயம் வெறும் கற்பனையன்று: 1962-இல் பாராளுமன்றத்தில் 41 ஸ்தானங்கள் பெற்றிருந்த சென்னை மாநிலம் 1967-இல் 39-க்கு இறங்கியது. உறைவை இப்போது உருக்கி, 2011-ஆம் ஆண்டுத் தொகையை அதே சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308. கேரளத்தின் மதிப்பு 239. மஹாராஷ்டிரத்தின் மதிப்பு 390. உத்தரப் பிரதேசத்தின் மதிப்பு 496. 176-க்கு 175 என்று தோளோடு தோள் நின்ற இரண்டு மாநிலங்களுக்கிடையே 82 என்ற பள்ளம் விழுகிறது.

இந்தப் பள்ளம் முழுவதும் தொட்டிலில் பிறந்ததல்ல என்பதை டில்லியில் வாதிடும் இரு தரப்பாரும் பேசுவதில்லை. மஹாராஷ்டிரத்தின் பெருக்கத்தில் ஒரு பகுதி விக்டோரியா டெர்மினஸிலும் தாதரிலும் வந்திறங்கியது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த ஒரு குடும்பம், புதுக் கணக்கின்படி, தான் பிறந்த மாநிலத்தின் எடையைக் குறைத்து, தான் பிழைக்கும் மாநிலத்தின் எடையைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் இது பத்து வருஷத்துக்கொரு முறை வெளிப்படையாகவே நடக்கிறது: 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் ஒவ்வொரு ஸ்தானம் இழக்க, டெக்சஸ் இரண்டும் புளோரிடா ஒன்றும் பெற்றன. நாமோ 1971-லேயே நிற்கிறோம். அதனால் இங்கே நேர்ந்திருப்பது, அமெரிக்கத் தெற்கின் கொடுமைக்குத் தலைகீழான ஒரு நிலைமை. அங்கே கறுப்பின மக்கள் எண்ணப்பட்டும் வாக்கற்றவர்களாக இருந்தார்கள். இங்கே 1971-க்குப் பின் மும்பைக்கு வந்தவர்கள் வாக்கிருந்தும் மாநிலங்களுக்கிடையேயான கணக்கில் எண்ணப்படாதவர்களாக இருக்கிறார்கள். கொடுமையில் இரண்டும் ஒன்றல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை, மாநிலத்துக்குள் 2001-ஆம் ஆண்டுக் கணக்கே வழங்குகிறது. ஆனாலும் ஒரு தர்மசங்கடம் உண்டு. செம்பூரில் வசிக்கும் தமிழர், தமிழர் என்ற முறையில் உறைவு நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறார். மும்பைவாசி என்ற முறையில் அதே உறைவால் தம் நகரின் குரல் சிறுத்துக் கிடப்பதைச் சகித்துக்கொள்கிறார்.

என்னுடைய அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். மாநிலங்களுக்கிடையே உள்ள விகிதம் 1971-இல் நின்றபடியே இருக்கட்டும். குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றியதற்குத் தண்டனை கூடாது என்ற வாதம் இன்னும் வலுவிழக்கவில்லை, 2025 மார்ச் 22-ஆம் தேதி சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடிப் பேசியதும் இதற்காகவே. ஆனால் ஒரு மாநிலத்துக்குள், ஒரு நகரத்துக்குள், எல்லைகளை வரையும்போது புதிய கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும், அதையும் கால தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பிறப்பால் வரும் பெருக்கத்தையும் வரவால் வரும் பெருக்கத்தையும் பிரித்தறியும் ஒரு சூத்திரத்தை நிபுணர்கள் வகுத்துத் தருவார்களானால், உறைவை நீக்கும் பேச்சுக்கும் காது கொடுக்கலாம். அது வரும்வரை கூடாது.

அடுத்த ஜனத்தொகைக் கணக்கின் ஆதார தினம் 2027 மார்ச் 1 என்று மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. செம்பூரிலும் சீத்தா கேம்ப்பிலும் தாராவியிலும் உள்ள தமிழ் வாசகர்கள், கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று பதியச் செய்யவும், ஊரிலும் இங்கும் இரண்டு வாக்காளர் பட்டியலில் பெயர் வைத்திருப்பவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு, வசிக்கும் இடத்துப் பட்டியலில் மட்டும் பெயரை நிறுத்திக்கொள்ளவும் வேண்டுகிறேன்.